பச்சைக் குழை மணக்கும் ஷனெல் 19: சோளகக் காற்றுக்கு நிற்குமா?

பரந்தன் ஸ்கூட்டி எழுதியது:

வணக்கம். இங்கே அத்தர், சந்தனம், ஊதுபத்தி பற்றியெல்லாம் பேசுகிறீர்கள். நான் கேட்க வந்தது ஒரு பிரெஞ்சுச் சென்ற் பற்றி. ஷனெல் நம்பர் 19, ஓ டி டொய்லற் என்கிற இலேசான வகை. பாரிசில் இருக்கிற சித்தி மாசியில் வந்தபோது தந்தது. எனக்கு மல்லிகை மணம் ஒத்துக்கொள்ளாது. கல்யாண வீட்டில் பூ வைத்த கொண்டைக்குப் பின்னால் கதிரை கிடைத்தால் அன்று முழுக்கத் தலையிடிதான். அது சித்திக்குத் தெரியும். "இதுவும் பூச் சென்ற்தான், ஆனால் பூ முன்னுக்கு வராது" என்று சொல்லித் தந்தார்.

முன்னுக்கு வருவது என்னவென்று சொல்கிறேன். அடித்த உடனே பச்சைக் கறிமிளகாயைக் குறுக்கே அரிந்த மணம். அதோடு பிஞ்சுப் பயற்றங்காயை முறித்தால் விரலில் ஒட்டுமே, அதுவும் சேர்ந்து வரும். கசக்கும், மூக்கைக் கொஞ்சம் குத்தும். "இதற்கா இவ்வளவு காசு" என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்ச நேரம் விட்டால் அந்தக் கசப்பு அடங்கி, குளிர்ந்த பவுடர் மணம் ஒன்று எழும்பும். குழந்தைப் பவுடர் இல்லை, ஈர மண்ணிலிருந்து கிண்டியெடுத்த கிழங்கை உலர்த்தி மாவாக்கினால் வரக்கூடிய மணம். பூ அதற்குள் எங்கோ இருக்கிறது, இது ரோசா என்றோ மல்லிகை என்றோ பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் வெட்டிவேரும், புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருகிற தோல் மணமும். அந்தக் கடைசிப் பகுதிக்காகவே நான் இதை வைத்திருக்கிறேன்.

கந்தோரில் ஆளுக்கொரு தீர்ப்பு. பக்கத்து மேசை அக்கா "அம்மம்மாவின் சாறிப் பெட்டி" என்றார், அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி "பணக்கார மணம் அக்கா" என்கிறாள். பியோன் ஐயா ஒரு நாள் மிக மரியாதையாக, "பிள்ளை வயலுக்குள்ளாலேயோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். என் கணவர் சொன்னதுதான் சரியான பேச்சு: "ஆட்டுக்குக் கிளிசறியாக் குழை வெட்டின மணம்." அன்றிலிருந்து எனக்கும் அடித்தவுடன் குழைக்கட்டுத்தான் ஞாபகம் வருகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். மாசியில் காலையில் அடித்துக்கொண்டு போனால் மத்தியானச் சாப்பாடு வரை அந்தப் பவுடர் நின்றது. இப்போது சோளகம் அடிக்கிறது. பரந்தனிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் பச்சை முழுக்கப் பறந்துவிடுகிறது, கந்தோருக்குள் நுழையும்போது வெட்டிவேர் மட்டும்தான் மிச்சம். இரணைமடுவுக்குக் கீழே சிறுபோக வயல் பார்க்கப் போகிற நாட்களில் அதுவும் இல்லை. இன்னொன்று, எனக்கு மணக்கவே இல்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் பக்கத்து மேசை அக்கா யன்னலைத் திறக்கிறார். அது எப்படி? வீட்டில் அறை தகரக் கூரை, பின்னேரத்தில் நல்ல வெக்கை. போத்தல் பழுதாகத் தொடங்கிவிட்டதோ என்றும் ஒரு பயம்.

இந்த மாதிரிப் பச்சை மணச் சென்ற் பாவிக்கிற ஆட்கள் வன்னிப் பக்கம் யாரும் இருந்தால், எந்த நேரத்துக்கு எங்கே அடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வவுனியா பான்சிக்கடை எழுதியது:

தங்கச்சி, பச்சை மணத்தை விற்றுப் பார்த்தவன் நான், பாவிக்கிறவன் இல்லை. அதனால் கடைக்காரன் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் சென்ற் கேட்டு வருகிறவர்களுக்கு இனிப்பு வேண்டும். வனிலா, பழம், இல்லாவிட்டால் ஊத் என்கிற அகில் மணம். காகிதத் துண்டில் பச்சை மணத்தை அடித்துக் கொடுத்தால் மணந்து பார்த்து ஒரு விநாடியில் திருப்பித் தருவார்கள். நீங்கள் சொல்கிற அந்தக் கசப்பைத் தாண்டும்வரை கடையில் ஒருவரும் நிற்பதில்லை. அதனால் இந்த ரகம் கடையில் தோற்று வீட்டில் வெல்லும்.

பழுதா என்று பார்க்க வழி இருக்கிறது. நிறம் முந்தியதைவிடக் கறுத்திருக்கிறதா பாருங்கள். அடித்தவுடன் புளித்த மணமோ, நகப்பூச்சு அழிக்கிற தண்ணியின் மணமோ வந்து அது போகாமல் நின்றால் பழுது. கறிமிளகாய் மணம் இன்னும் தெளிவாக வருகிறதென்றால் போத்தல் சுகமாக இருக்கிறது, முதலில் சாவது அந்தப் பச்சைதான். தகரத்துக்குக் கீழே அலுமாரி மேல்தட்டில் வைக்காதீர்கள். பெட்டியோடு அடித்தட்டில், துணிகளுக்கு நடுவே வையுங்கள். பிரிட்ஜ் கதவில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது, வீட்டுக்காரர் மருந்துப் போத்தல் என்று நினைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

எங்கே அடிப்பது என்றால், கழுத்தில் வேண்டாம். வெயிலும் வேர்வையும் அங்கேதான் அதிகம். பருத்திச் சட்டையின் உள்பக்கத்தில் அல்லது லேஞ்சியில் அடியுங்கள். வெள்ளைத் துணியில் கறை விடுமா என்று ஒரு மூலையில் பார்த்துவிட்டு அடியுங்கள். சாமி விளக்கு எரிகிற இடத்தில் நின்று அடிக்கவேண்டாம், முக்கால்வாசிக்கு மேல் மதுசாரம்.

முல்லை இரசாயனம் எழுதியது:

உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவருக்கு நல்ல மூக்கு. கிளிசறியாவோ புல்லோ, இலையை வெட்டினால் அதிலுள்ள கொழுப்பமிலங்களை நொதியங்கள் உடைக்கின்றன, ஒட்சிசன் சேர்ந்து ஹெக்செனல், ஹெக்செனோல் என்ற சிறிய மூலக்கூறுகள் வெளிவருகின்றன. வெட்டின புல் மணம் என்று நாம் சொல்வது இதுதான். காயம்பட்ட செடியின் மணம். வாசனைத் தயாரிப்பாளர்களும் பச்சை காட்டுவதற்கு இதே பொருளைச் செயற்கையாகச் செய்து சேர்க்கிறார்கள்.

ஆனால் நம்பர் 19இன் அந்தக் குத்தல் பெரும்பாலும் கல்பனம் என்ற பிசினால் வருவது. ஈரானில் வளரும் ஒரு செடியைக் கீறினால் வடிகிற பால் இறுகிப் பிசினாகும். அந்தச் செடி எங்கள் பெருங்காயச் செடிக்கு ஒன்றுவிட்ட சகோதரம், இரண்டும் பெருலா என்ற ஒரே பேரினம். பெருங்காயத்தில் கந்தகச் சேர்வைகள் மேலோங்கும், கல்பனத்தில் பச்சை. பைபிளின் யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் தூபத்துக்கு எடுக்கச் சொல்லும் பொருட்களில் ஒன்றும் இதுதான் என்பார்கள். கறிமிளகாயை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கல்பனத்திலும் கறிமிளகாயிலும் மெதொக்சிபைரசீன் என்ற ஒரே வகைச் சேர்வைகள் இருக்கின்றன. நீரில் ஒரு இலட்சம் கோடியில் சில பங்கு கலந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் ஒரு துளிக்கே மூக்கைப் போட்டு அடிக்கிறது.

சோளகத்தில் பறப்பதற்கு விளக்கம் இலகு. சிறிய மூலக்கூறு முதலில் ஆவியாகும், பெரியது பிந்தும். சூடும் காற்றும் கூடினால் எல்லாமே வேகமாகப் போகும், அதில் பச்சை முதல் பலி. ஸ்கூட்டியில் போகும்போது தோலுக்கு மேலே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வெட்டிவேரின் மூலக்கூறுகள் பாரமானவை, அவை குந்தியிருக்கும். மாசி விடியலில் பனி விழுகிற குளிருக்கு எல்லாம் மெதுவாக நடந்ததால் நடுப்பகுதியை உங்களால் அனுபவிக்க முடிந்தது.

உங்களுக்கு மணக்காமல் பக்கத்து மேசைக்கு மணப்பது மூக்கின் பழக்கம். மாறாமல் இருக்கிற மணத்தை மூளை சில நிமிடங்களில் கணக்கிலிருந்து எடுத்துவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்காது. ஆகவே உங்களுக்கு மணக்கவில்லை என்று இன்னொரு தரம் அடிக்காதீர்கள், அந்த அக்கா பாவம்.

சாறிப் பெட்டி, பணக்கார மணம் என்று ஆளுக்கொன்று சொல்வதற்கு ஞாபகம் ஒரு காரணம். உடம்பும் ஒரு காரணம். வயலட் பூவின் மணப்பொருளான பீட்டா அயனோனைச் சிலர் பூவாக மணப்பார்கள், சிலருக்கு அது புளிப்பாகவோ காரமாகவோ படும். ஒரு மணவாங்கி மரபணுவில் உள்ள சிறு வேறுபாடே இதற்குப் பெரும் காரணம் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் சென்ற்றின் பவுடர் மணத்தைத் தரும் ஐரோன்கள் அந்த அயனோனுக்கு அமைப்பில் நெருங்கியவை. எனவே பக்கத்து மேசை அக்கா உங்களை வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறார் என்று எடுக்கத் தேவையில்லை.

அக்கராயன் அப்பு எழுதியது:

மண்பானைத் தண்ணிக்குள் ஒரு கட்டு வெட்டிவேர் போட்டால் நீங்கள் கடைசியில் மணக்கிறது முதலிலேயே மணக்கும். குடிக்கவும் செய்யலாம். குழை மணம் வேணுமென்றால் என்னுடைய வேலிக்கு வாருங்கோ, கத்தி நான் தருகிறேன்.

லாச்சப்பல் மல்லாவியான் எழுதியது:

அப்புவின் பதிலுக்கு நான் பத்து விருப்பம் போடுவேன். அக்கா, நான் மல்லாவிப் பிள்ளை, இங்கே பாரிசில் ஒரு வாசனைத் திரவியக் கடையில் சில வருடம் நின்றவன். நம்பர் 19 பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இது 1970இல் வந்தது, செய்தவர் ஆன்றி ரொபேர். ஷனெல் நிறுவனத்தைத் தொடங்கிய கொக்கோ ஷனெல் பிறந்தது ஆகஸ்ட் 19, பெயரில் உள்ள எண் அதுதான். சென்ற் வந்த அடுத்த வருடம் ஜனவரியில் அவர் இறந்துவிட்டார். கல்பனத்தை அள்ளிப் போட்டுப் பச்சைப் பூ மணம் செய்கிற பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஜெர்மேன் செலியே என்ற பெண் 1940களில் பல்மேன் நிறுவனத்துக்காகச் செய்த "வான் வேர்" என்ற பிரெஞ்சுச் சென்ற் அதற்குப் பெயர்போனது. அது வேறு மாதிரி, புல்லுக்குள் முகம் குப்புற விழுந்த மணம். 19 அப்படி இல்லை, நிமிர்ந்து நிற்கும்.

நீங்கள் சொன்ன கிழங்கு கற்பனை இல்லை, உண்மையாகவே கிழங்குதான். ஐரிஸ் செடியின் பூவிலிருந்து அந்த மணத்தை எடுப்பதில்லை. நிலத்துக்குக் கீழே இருக்கிற கிழங்கைத் தோண்டி, தோல் சீவி, ஏறத்தாழ மூன்று வருடம் உலர வைப்பார்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கில் அந்த மணம் கிடையாது, கிடந்து கிடந்துதான் ஐரோன்கள் உண்டாகும். இத்தாலியின் புளோரன்ஸ் பக்கம் இதற்குப் பேர்போனது. விலை ஏன் அப்படி என்று இப்போது விளங்கும்.

உங்களிடம் இருப்பது ஓ டி டொய்லற், நான் சொல்லப்போகிற மூன்று வகையிலும் பச்சை கூடியது அதுதான். அதைவிடச் செறிவான ஓ டி பர்ஃபியூமில் பச்சை குறைந்து ரோசாவும் மண்ணும் கூடும், நிற்கவும் செய்யும். 2011இல் வந்த பூத்ரே என்பது பவுடர்ப் பக்கம் சாய்ந்தது, மூன்றிலும் சாது. கந்தோருக்குப் பூத்ரே பொருத்தம் என்று நினைக்கிறேன், பக்கத்து மேசைச் சண்டையும் தீரும். இங்கே குளிர்காலத்தில் கம்பளிக் கோட்டுக்குள் அடித்தால் அந்தக் கறிமிளகாய் மணிக்கணக்கில் நிற்கும். ரயிலுக்குள் சூடு ஏறினால்தான் பூ எட்டிப் பார்க்கும்.

எங்கள் வெயிலுக்குப் பச்சைதான் வேண்டுமென்றால் ஹெர்மெஸ் நிறுவனத்தின் "உன் ஜார்தான் சூர் லெ நீல்" என்ற சென்ற்றை மணந்து பாருங்கள். 2005இல் ஜான் குளோட் எலெனா செய்தது. எகிப்தில் அஸ்வான் பக்கம் மாமரங்களைப் பார்த்து வந்து செய்தாராம். பச்சை மாங்காயும் தாமரையும். உப்புத்தூள் மட்டும்தான் இல்லை.

பரந்தன் ஸ்கூட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பு, கத்தியோடு வருகிறேன், ஆட்டுக்கும் ஒரு கட்டு வேண்டும்.

பான்சிக்கடை அண்ணா சொன்னபடி நிறத்தைப் பார்த்தேன், மாறவில்லை. கறிமிளகாயும் குறையவில்லை. போத்தல் இப்போது அலுமாரியின் அடித்தட்டில், சாறிகளுக்கு நடுவே. அதைக் கேள்விப்பட்டால் பக்கத்து மேசை அக்கா "நான் அப்பவே சொன்னேன்" என்பார். கழுத்தை விட்டுவிட்டுச் சட்டையின் உள்மடிப்பில் அடித்துப் பார்த்தேன். கந்தோருக்குப் போய் ஹெல்மெற்றைக் கழற்றி உட்கார்ந்தபோது பச்சை இன்னும் இருந்தது. துணியில் அடித்தால் ஒன்று குறைகிறது: அந்தக் கடைசித் தோல் மணம் சரியாக விளைவதில்லை. அது உடம்புச் சூட்டில்தான் வருகிறது போல. அதனால் இப்போது சட்டையில் ஒன்று, முழங்கை மடிப்பில் மிகக் கொஞ்சம்.

பின்னேரத்தில் குளித்துவிட்டு அடிப்பதுதான் இதற்கு நல்ல நேரம் என்று இந்தக் கிழமை முடிவு செய்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணியில் குளித்த உடம்புக்குச் சூடு இல்லை, வெயிலும் சாய்ந்திருக்கும், நான் ஒரு இடமும் போகப் போவதில்லை. கறிமிளகாய், கிழங்கு, பூ, தோல் என்று ஒவ்வொன்றும் முறையாக வந்து போகிறது. வெளியே போகும்போதுதான் சென்ற் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பொழுது படுகிற நேரத்தில் மணத்தோடு முற்றத்தில் இருக்கக் கூடாதாம்.

கோயிலுக்கு மட்டும் இது வேலைக்கு ஆகாது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அடித்துக்கொண்டு போனேன். கற்பூரம், பொங்கல் அடுப்புப் புகை, அந்தச் சனத்தின் வேர்வை, இதற்கு நடுவில் எந்த ஷனெலும் வாய் திறக்காது. ரீச்சர் அதற்கும் ஒரு மூலக்கூறுக் கணக்கு வைத்திருப்பார்.

மல்லாவித் தம்பி, பூத்ரேயை நீங்கள் சாது என்கிறீர்கள், எனக்குச் சாது வேண்டாம். பவுடர்ப் பக்கம் சாய்ந்த சென்ற் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்ததே அந்த முதல் கசப்புத்தான் என்று இப்போது தெரிகிறது. விளம்பரங்களில் இந்த ரகத்தை வசந்தகாலத் தோட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு வசந்தம் என்றால் பங்குனி வெயிலும் வெடித்த குளமும்தான், அந்தக் கதை எனக்கு ஒட்டவில்லை. எனக்கு இது வேலை செய்கிற கையின் மணம். குழை வெட்டுகிற கை, வரம்பில் புல்லுச் செருக்குகிற கை, சமையலுக்குப் பயற்றங்காய் முறிக்கிற கை. அதை ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணாடிப் போத்தலில் அடைத்து இந்த விலைக்கு விற்றிருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பெருமையும் வருகிறது. பியோன் ஐயாவுக்கு அடுத்த முறை "ஓம் ஐயா, வயலுக்குள்ளாலதான் வந்தனான்" என்று சொல்லப்போகிறேன்.

மாங்காய்ச் சென்ற்றில் ஆசை வந்துவிட்டது. ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் பாரிசிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். யாரிடமாவது அதிலும் ஓ டி பர்ஃபியூமிலும் சின்ன மாதிரிக் குப்பி ஒவ்வொன்று கொடுத்துவிட முடியுமா? காசு சித்தியிடம் வாங்கித் தருவேன்.

லாச்சப்பல் மல்லாவியான் எழுதியது:

மாதிரிக் குப்பிக்குக் காசு வாங்கினால் ஊருக்குள் வர முடியாது அக்கா. என் பெரியம்மா மடுவுக்கு வருகிறா, அவவின் கைப்பையில் வைத்துவிடுகிறேன். மாங்காய் கட்டாயம் கிடைக்கும். ஓ டி பர்ஃபியூம் குப்பி கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், தேடிப் பார்க்கிறேன்.

வவுனியா பான்சிக்கடை எழுதியது:

மடுவிலிருந்து வவுனியாவால்தானே அவ வடக்கே வருவா? பெரியம்மாவைக் கடையில் ஒரு தேத்தண்ணிக்கு நிறுத்துங்கள் தம்பி. மாங்காயை நானும் ஒருக்கால் மணந்து பார்த்துவிட்டு அனுப்புகிறேன், விற்கலாமா என்று பார்க்கத்தான்.